திருஷ்டிப் பொட்டு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எழுத்தாளர் என்று நல்லசிவம் சொல்வான். சொன்ன கையோடு பேச்சை மாற்றியும் விடுவான். வெயில், தக்காளி விலை, அவினாசி சாலை நெரிசல், எது அகப்பட்டாலும் சரி. இல்லாவிட்டால் இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. பிழை எழுதிக்கொண்டிருந்தான்.

நாம் ஒரு டம்ளர் காபியை ஆற்றிக் குடிப்பதற்குள் இயந்திரம் ஒரு நாவலை எழுதி முடித்துவிடுகிற காலம் அது. ஆனால் வாசகருக்கு ஒரு வீம்பு இருந்தது. மனிதர் எழுதியதைத்தான் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள். அதற்காக வந்தது மனிதமானி என்ற செயலி. புத்தக அட்டைமேல் கைப்பேசியைக் காட்டினால் போதும். பச்சை விழுந்தால் மனிதர் எழுதியது, சிவப்பு விழுந்தால் இயந்திரம். சிவப்புப் புத்தகத்தைப் புத்தகக் கண்காட்சியில் பஜ்ஜி எண்ணெய் ஒற்றக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள்.

பதிப்பாளருக்கு இயந்திரத்தின் வேகம் வேண்டும், வாசகருக்கு மனிதரின் கை வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் காலம் தள்ளியவர்கள்தான் நல்லசிவத்தைப் போன்ற ஃப்ரீலான்ஸ் ஆட்கள். இயந்திரம் எழுதிய மழமழப்பான பிரதியில் அங்கங்கே மனிதத் தவறுகளை வைத்துக் கொடுப்பார்கள். குழந்தை ரொம்ப லட்சணமாக இருக்கிறதே, கண் பட்டுவிடப் போகிறதே என்று கன்னத்தில் மை தொட்டு வைப்பதில்லையா, அந்த மாதிரி. தொழிலில் இதற்குப் பெயரே பொட்டு வைப்பதுதான். பிழைப்பு என்ற சொல்லுக்குள்ளேயே பிழை இருக்கிறது என்பது அவர்களுக்குள் ஓடுகிற நைந்துபோன ஜோக்.

நல்லசிவம் ஒரு காலத்தில் சொந்தமாக இரண்டு நாவல்கள் எழுதியவன். மூன்றாவதைப் பல வருடம் இழைத்து எழுதினான். முழுக்க முழுக்க அவனே எழுதியது. அதை மானியில் வைத்தபோது ரத்தச் சிவப்பு விழுந்தது. காரணம் எளிமையானது. அவன் தமிழ் இலக்கியம் படித்தவன். வாழ்நாளில் ஓர் ஒற்றெழுத்தைக்கூடத் தப்பான இடத்தில் போட்டவன் இல்லை. மனிதன் இவ்வளவு சுத்தமாக எழுத மாட்டான் என்று மானி முடிவுகட்டிவிட்டது. பதிப்பாளர்கள் கையை விரித்தார்கள். ஊரான் பிள்ளைக்கெல்லாம் மை வைத்தவனுக்குச் சொந்தப் பிள்ளைக்கு வைக்க மனம் வரவில்லை. அந்த நாவல் அப்படியே கிடந்தது. அட்டையில் தன் பெயர் வந்து எவ்வளவு காலமாயிற்று என்ற நினைப்பு மட்டும் பல் வலி மாதிரி அவனை விடாமல் இருந்தது.

வெண்தாழை பதிப்பகத்தின் ஆசிரியர் தில்ஷாத் ஒருநாள் சென்னையிலிருந்து வீடியோவில் வந்தார். வயதில் சின்னவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"சார், போன தடவ நீங்க வச்ச பொட்டு ஒண்ணுகூட நிக்கல. முழுக்கச் செவப்பு."

"ஒற்றெல்லாம் விட்டிருந்தேனே. 'அதை சொன்னான்', 'வீட்டை பார்த்தான்'னு எத்தனை எடத்துல."

"ஒற்றுப்பிழை, லகர ளகரம், ஒருமை பன்மை, இதெல்லாம் இப்ப மெஷினே போடுது. நம்மளவிட இயல்பா போடுது. மானி இப்பல்லாம் பிழைய எண்றதில்ல சார். அந்தப் பிழைக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்காங்களான்னுதான் பாக்குது."

"புரியல."

"ஒருத்தர் சும்மா தப்பா பேசமாட்டாங்க. எங்க வளந்தாங்க, யாருகிட்ட கத்துக்கிட்டாங்க, எதுக்கு பயந்தாங்க, இதெல்லாம் சேந்துதான் ஒரு தப்பு வரும். அந்தத் தப்பு மொத பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் அதே காரணத்தோட வரணும். மெஷினால அத யோசிச்சு உண்டாக்க முடியல. பாத்தா கத்துக்கும், தானா உண்டாக்காது. அதனால எல்லாரும் இப்ப வீட்டத்தான் தோண்டுறாங்க. ஒருத்தர் அவங்கப்பாவோட திக்குவாயக் கொண்டு வந்தாரு. பிரமாதமா போச்சு."

பெற்ற தகப்பனைப் போய் விற்றிருக்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று நல்லசிவம் மனதுக்குள் காறித் துப்பினான்.

"ஒரு நாவல் அனுப்பறேன்" என்றார் தில்ஷாத். "மெஷின் எழுதினதுலயே ரொம்ப நல்லா வந்தது. வெளியூர்லேர்ந்து இங்க வாழ வந்த ஒரு பொண்ணு கதைய அவளே சொல்ற மாதிரி. இன்னும் யாரு பேரும் போடல. நீங்க பச்சையாக்கிக் குடுத்தீங்கன்னா அட்டையில உங்க பேரு வரும்."

அன்று சாயங்காலம் அவன் மனைவி கரிமா வேலையிலிருந்து வந்தாள். ஜபல்பூரில் பிறந்தவள். கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கிற வேலை. வேலைக்காக வந்து, நல்லசிவத்துக்குக் கண்ணாடிக்கு எண் எழுதிக் கொடுத்து, பிறகு அவனையே கட்டிக்கொண்டவள். செருப்பைக் கழற்றும்போதே அன்றைய கதையைத் தொடங்கிவிடுவாள்.

"பஸ் போயிட்டா சிவா. அடுத்தவ வந்தா, அவளும் ஃபுல். மழ வேற வந்துட்டா. கொட வச்சிருந்தேன், ஆனா அவன் நம்ம வீட்டுப் பூட்டு மாதிரி, தெறக்கவே மாட்டேங்கறான்."

கரிமாவின் தமிழ் அப்படித்தான். இந்தியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண் பெண் உண்டு. பேருந்து பெண், மழை பெண், சாவி பெண், பூட்டு ஆண். அந்தக் கணக்கை அவள் அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவள் பேச்சில் அது என்ற சொல் அரிதாகத்தான் வரும். ஆஸ்பத்திரிக்கு வரும் பெரியவர்களிடம், "எழுத்து தெரியறானா? இப்ப தெரியறானா?" என்று கேட்பாள். அவர்களும், "மங்கலாத் தெரியறானுங் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

கல்யாணமான புதிதில் அவன் சொந்த ஊரான பெருந்துறையில் விருந்து. சாம்பார் எப்படி என்று அவன் சின்னம்மா கேட்டதற்கு, "சாம்பார் நல்லா இருக்கான்" என்றாள். பந்தி மொத்தமும் சிரித்தது. சிரிப்பு அடங்குகிற சமயத்தில் யாரோ, "தயிரு?" என்று எடுத்துக் கொடுத்தார்கள். அவள் பாவம், "புளிச்சுட்டான்" என்றாள். மறுபடியும் சிரிப்பு. அதன்பின் அந்த வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் கேட்டாள், "நான் தப்பு பேசினா நீ திருத்து சிவா." நல்லசிவம், "திருத்த மாட்டேன். எங்கிட்ட நீ இப்படியே பேசு" என்றான். அன்றைக்கு அவன் அதை மனதாரத்தான் சொன்னான். அவள் பேசுவதைக் கேட்கும்போது வீட்டில் நிறையப் பேர் இருப்பது போல அவனுக்கு இருக்கும். சாவி எங்கேயோ போயிருப்பாள், கரண்ட் வந்திருப்பாள், காய்ச்சல் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியிருப்பான். அவன் ஒருநாளும் சிரித்ததில்லை. அதனால்தான் அவள் அவனிடம் ஓயாமல் பேசினாள்.

தில்ஷாத் அனுப்பிய பிரதியை அவன் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சும்மா பார்ப்போமே என்று ஒரு வரியை மாற்றினான். 'மழை வந்துவிட்டது' என்று இருந்ததை 'மழ வந்துட்டா' என்று ஆக்கினான். மானி அசையவில்லை. பக்கம் முழுவதையும் கரிமாவின் வாயில் வைத்துப் பார்த்து மாற்றினான். மானியின் சிவப்பு வெளுத்து, மஞ்சளாகி, மெல்ல இளம்பச்சைக்கு வந்தது. பழைய பிரதிகளில் எவ்வளவு பாடுபட்டும் அந்த நிறத்தை அவன் பார்த்ததில்லை. எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தான். சந்தோஷம்தான்.

கரிமா டீயோடு அறைக்குள் வந்தாள். அவன் மடிக்கணினியை மூடினான்.

"புது கத எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா" என்றான் அவன், அவள் மாதிரியே.

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவனுக்கு முகம் சுட்டது. ஆனாலும் கதவு சாத்தியதும் மறுபடி திறந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு அவன் அவளைப் பேச வைக்கத் தொடங்கினான். கதையில் ஒரு ரயில் பயணம் வந்தால், ஜபல்பூர் ரயிலைப் பற்றிக் கேட்பான். சமையல் வந்தால் அடுக்களையில் போய் நிற்பான். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவியபடி, "எப்படி இருக்கு, எங்க வலிக்குது" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். இவ்வளவு பாசமான புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் தன் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் இருந்த அவனுக்கு அந்த இந்தி புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

கடைசி அத்தியாயத்தில்தான் சிக்கல் வந்தது. கதைசொல்லும் பெண்ணின் தகப்பன் சாகிற இடம். எப்படி மாற்றினாலும் அங்கே மட்டும் பச்சை மங்கியது. எழுத வேண்டிய வரி என்னவென்று நல்லசிவத்துக்குத் தெரியும். இரண்டு நாட்கள் அந்தப் பக்கத்துக்கே போகாமல் இருந்து பார்த்தான்.

கரிமாவின் அப்பா போன வருடம் ஜபல்பூரில் இறந்தார். அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவள் அவனைப் போனில் கூப்பிட்டாள். பின்னால் அழுகைச் சத்தம். அவள் சொன்னது இதுதான்: "அப்பாவோட மூச்சு நின்னுட்டா சிவா. அவ இனிமே திரும்பி வரமாட்டா."

அதை அவன் எழுதினான். எழுதியதும் பச்சை நிரம்பிவிட்டது.

புத்தகம் வந்தது. அட்டையில் நல்லசிவம் என்று பெரிதாக இருந்தது. விற்றது என்பதைவிடப் பரவியது என்று சொல்வதுதான் சரி. தமிழுக்குப் புதிய இலக்கணம், ஜடப்பொருளுக்கு உயிர் கொடுத்த நடை என்றெல்லாம் எழுதினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் அப்படிப் பேசுவதை ஒரு ஸ்டைல் ஆக்கினார்கள். "கரண்ட் போயிட்டா", "சார்ஜர் எங்க போனான்" என்று ஊரெல்லாம் கேட்டது. இந்த மொழி உங்களுக்கு எப்படி வந்தது என்று ஒரு கூட்டத்தில் கேட்டபோது, "தானா வந்துச்சு" என்றான் நல்லசிவம். கைதட்டினார்கள்.

கரிமா புத்தகத்தைப் பூஜை அலமாரியில் வைத்துக் கும்பிட்டாள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். படித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம் கரிமா, கஷ்டமான தமிழ். உனக்குப் புரியாது."

அவள் நம்பினாள். அவன் சொன்ன எதையும் நம்புகிறவள்.

ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள் செருப்பையும் கழற்றாமல், பையையும் வைக்காமல் கூடத்தில் நின்றாள்.

"இன்னைக்கு ஒரு காலேஜ் பொண்ணு வந்தா. கண்ணு டெஸ்ட். எப்பவும் போல எழுத்து தெரியறானான்னு கேட்டேன். அவ சிரிச்சா. 'அக்கா, நீங்களும் அந்த நாவல் பைத்தியமா'ன்னு கேட்டா."

நல்லசிவம் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"எந்த நாவல்னு கேட்டேன். உன் பேரு சொன்னா. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அவர் என் ஹஸ்பெண்ட்னு சொல்ல வாய் வந்துட்டான். அதுக்குள்ள அவ ஒரு வரி சொன்னா. மனப்பாடமா. அப்பாவோட மூச்சு நின்னுட்டா, அவ இனிமே திரும்பி வரமாட்டா."

"கரிமா, உக்காரு."

"அப்புறம் அந்தப் பொண்ணு எங்கிட்ட சொல்றா. 'ஆனா அக்கா, காப்பியடிச்சா அந்த மாதிரி வராது. உள்ள இருந்து வரணும்'னு."

அவள் குரல் உயரவில்லை. அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னான். "உன் பேச்சு எனக்கு அவ்வளவு அழகா இருந்துச்சு. அதனாலதான் செஞ்சேன். வேற எதுக்கும் இல்ல."

"அழகா இருந்தா எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ வேண்டான்னு சொல்லியிருப்ப."

"ஆமா" என்றாள் கரிமா.

தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் அவன் காதிலேயே விழுந்தது. வேண்டாம் என்பாள் என்று தெரிந்தே எடுத்திருக்கிறான். அப்பனின் திக்குவாயைக் கொண்டுவந்தவனாவது ஒருவேளை கேட்டிருப்பான்.

"அங்க வராந்தாவுல எல்லாரும் ஹிந்தில அழுதாங்க" என்றாள் அவள். "நான் உங்கிட்ட மட்டும் தமிழ்ல அழுதேன். பெருந்துறையில அவங்க சிரிச்சப்போகூட நான் விட்டுட்டேன் சிவா. நீ சிரிக்கல, போதும்னு நெனச்சேன். நீ சிரிக்காம கேட்டது இதுக்குத்தானா? இப்ப வாய் தெறந்தா எனக்கு வெக்கம் வர்றா."

அவள் அவனிடம் அப்படிப் பேசிய கடைசி வாக்கியம் அது.

காதில் மாட்டிக்கொள்கிற சின்னக் கருவி ஒன்று கடைகளில் கிடைத்தது. நாம் தப்பாகப் பேசினால் சரியானதைக் காதுக்குள் முணுமுணுக்கும். கரிமா அதை வாங்கி மாட்டிக்கொண்டாள். முதலில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு கணம் தயங்குவாள், காது சொல்வதைக் கேட்டு வினையைத் திருத்துவாள். சில மாதத்தில் கருவியே தேவைப்படவில்லை.

"மழ வருது. துணிய எடுத்துடு."

"பஸ் லேட்டா வந்துச்சு."

"சாவி மேச மேல இருக்கு."

எல்லாம் சரியாக இருந்தது. சமைத்தாள், வேலைக்குப் போனாள், அவனுக்குத் தலைவலி என்றால் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். சண்டை என்று ஒன்று இல்லவே இல்லை. வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். பெருந்துறையிலிருந்து அவன் அம்மா போன் செய்து, "ஏஞ் சாமி, உம் பொண்டாட்டி இப்ப நம்மளாட்டமே பேசறாளே, கேக்கவே நல்லாருக்குது" என்றாள். நல்லசிவம் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

ஒரு தடவை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டான். "பழைய மாதிரி பேசேன் கரிமா. எங்கிட்ட மட்டும்."

"எதுக்கு? அடுத்த புத்தகத்துக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவன் ஏதாவது சொல்லியிருப்பான். அவள் கடையில் விலை கேட்பது போலக் கேட்டாள்.

தில்ஷாத் அழைத்தார். அடுத்த நாவலுக்கு அதே நடை நிற்காது என்றார்.

"உங்க புக்கப் படிச்சு மெஷின் கத்துக்கிச்சு சார். மழ வந்துட்டா, பஸ் போயிட்டான்னு இப்ப எல்லா மெஷினும் எழுதுது. மானி சிவப்பு காட்டுது. அது முடிஞ்சு போச்சு. வீட்ல வேற ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க" என்றான் நல்லசிவம். "வீட்ல ஒண்ணும் இல்ல."

இனிமேல் பொட்டு வைக்கிற வேலையே வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றும் அவரிடம் சொல்லிவிட்டான். சிவப்பு விழுந்தால் விழட்டும், யாரும் படிக்காவிட்டால் போகட்டும். தினமும் அறைக்குள் போய் உட்கார்ந்தான். கரிமாவிடம் மன்னிப்புக் கேட்பதாகத்தான் அந்த எழுத்து தொடங்கியது. ஒற்றுப்பிழை இல்லாத, ஒழுங்கான வாக்கியங்களாக வந்தன. அவனுக்கே அதில் நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் அழித்து அழித்து எழுதினான். அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்ற ஒரே ஆசையில் எழுதினான். அதை அவள் படித்துவிட்டு ஒரு வார்த்தை திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. கரிமா போய்க் கதவைத் திறந்தாள். அறைக்குள் இருந்த நல்லசிவத்துக்குப் பேச்சு தெளிவாகக் கேட்டது. ஈரோட்டிலிருந்து வந்த ஒரு தம்பதி. கையெழுத்து வாங்கப் புத்தகத்தோடு வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

"எழுத்தாளர் ஐயா இருக்காருங்களா?"

"இருக்கு" என்றாள் கரிமா. "உள்ள உக்காந்து எழுதிட்டு இருக்கு. கொஞ்ச நேரத்துல வரும், உக்காருங்க."

வந்தவர்கள் ஏதோ தயங்கியது போல இருந்தது. பிறகு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கரிமா அவர்களிடம் ஊரைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். பெரிய பையன் என்ன படிக்கிறான் என்றாள். சின்னவள் யாரைப் போல இருப்பாள் என்றாள். யாருக்கு எது வர வேண்டுமோ அது அந்தந்த இடத்தில் பிசகாமல் வந்தது. அவனுக்கு மட்டும்தான் 'இருக்கு', 'வரும்'.

வாய் தவறியிருக்கும், திருத்திக்கொள்வாள் என்று நல்லசிவம் காத்திருந்தான். உடம்பெல்லாம் காதாக இருந்தது. அவள் திருத்திக்கொள்ளவில்லை. டீ வைக்க எழுந்து போனாள்.

அவமானத்தில் அவனுக்குக் கழுத்துவரை சூடு ஏறியது. எழுந்து போய் வந்தவர்களைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தபடி திரையைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொண்டிருந்த பக்கத்தின் நடுவில், 'உள்ள உக்காந்து எழுதிட்டு இருக்கு' என்று இருந்தது. அவன் விரல்கள் அதை எப்போது தட்டின என்று அவனுக்கே தெரியவில்லை.